பார்க்காத சப்பாத்து

"பெப்ரவரி 11, செவ்வாய். அக்காவின் விண்ணப்பக் கடிதம் வாசித்தேன். ஒரு பக்கம். ஒரேயொரு காற்புள்ளி போட்டேன். வேறு திருத்தம் சொல்லவில்லை."

பன்னிரண்டு வருடங்களுக்கு முந்தைய என் நாட்குறிப்பில் அந்தத் திகதிக்குக் கீழ் இவ்வளவுதான் இருக்கிறது. வழக்கமாக எத்தனை பாகை குளிர், எந்த பஸ்ஸில் போனேன், என்ன சாப்பிட்டேன் என்பதுவரை எழுதுகிறவன் நான். அன்று எழுதவில்லை.

என்னைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறிப்பு ஆச்சரியமாக இருக்கும். எங்கள் வகுப்பில் எல்லோருடைய கடிதங்களும் என் கைக்கு வந்துதான் வெளியே போகும். இருபது இடத்திலாவது கோடு போடாமல் நான் ஒன்றைத் திருப்பிக் கொடுத்ததில்லை. "உவனிட்டைக் குடுத்தா, உவன் வெட்டின பிறகு மிஞ்சிறதுதான் உன்ரை கடிதம்" என்று பகிடி பண்ணுவார்கள். அப்படிப்பட்டவன் அந்த ஒரு பக்கத்துக்கு ஒரு காற்புள்ளியோடு நிறுத்திக்கொண்டேன். அதைத்தான் எழுத வந்தேன். ஆனால் அதற்கு முன் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ரொறன்ரோவில் பாத மருத்துவம் படித்தபோது அவர் என் சக மாணவி. நான் இருபத்தாறு, அவர் முப்பத்தொன்பது. வகுப்பில் எல்லோரையும்விட மூத்தவர். அவர் என்னை "தம்பி" என்றும் நான் அவரை "அக்கா" என்றும் முதல் நாளே கூப்பிடத் தொடங்கியதால், முழுப் பெயரை நான் ஆறேழு மாதம் கழித்துப் பரீட்சைப் பட்டியலில்தான் பார்த்தேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அவரிடம் அனுமதி கேட்க எனக்கு வழியில்லை.

சொந்த இடம் மன்னார். கல்லூரிக்கு வருமுன் ஒன்பது வருடம் ஸ்காபரோவில் ஒரு மோலில் இருந்த சப்பாத்துக் கடையில் வேலை. அந்தக் கடைதான் அவருக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுத்திருக்க வேண்டும். எந்தச் சப்பாத்தைக் கண்டாலும் உள்ளே கை விட்டுப் பார்ப்பார்.

மேலோட்டமாக அல்ல. விரல்களைச் சேர்த்து, நுனிவரை விட்டு, அடியையும் பக்கங்களையும் மெதுவாகத் தடவிக்கொண்டு வருவார். அந்த நேரம் கண்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு கையை எடுத்து, "குதியிலை ஒரு தையல் எழும்பிக் கிடக்கு" என்பார், அல்லது "இவர் இடது பக்கம் சாய்ஞ்சு நடக்கிறார்" என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தை நேராக வைத்துவிட்டுப் போவார்.

சலரோகக்காரருக்கு, நீரிழிவு முற்றினால், காலில் உணர்ச்சி போய்விடும். சப்பாத்துக்குள் கல் கிடந்தாலும் தெரியாமல் நாள் முழுக்க நடப்பார்கள். அதனால் காலோடு சப்பாத்தையும் சோதிக்க வேண்டும் என்பது எங்களுக்கு முதல் வருடப் பாடம். நாங்கள் எல்லோரும் அதைப் படித்தோம். அவர் அதைச் செய்தார். "சப்பாத்தைக் கேளுங்கோ தம்பி. காலுக்குச் சொல்ல வராது" என்பார்.

கையுறை போடமாட்டார். "ஏன் அக்கா, ஊத்தையல்லோ" என்று கேட்டால், "உறையோடை தையல் தெரியாது. பிறகு கழுவினாப் போச்சு" என்பார்.

ஸ்காபரோவின் வோபர்ன் பகுதியில் எங்கள் வகுப்புப் பெண் ஒருத்தியின் மகனுக்குப் பிறந்தநாள். தமிழர் வீட்டுக் கொண்டாட்டம் என்றால் வாசலில் அறுபது எழுபது சோடி கிடக்கும், கதவு திறபடாது. அக்கா உள்ளே வரக் கால் மணித்தியாலம் எடுத்தது. வந்ததும் கேக்கைப் பார்க்கவில்லை. வீட்டுக்காரியைத் தேடிப் போய், "உங்கட மாமியின்ரை மண்ணிறச் சப்பாத்துத்தானே அந்தக் கரையிலை கிடக்கிறது? வலதுக்குள்ளை அட்டை கிழிஞ்சு மடிஞ்சு கிடக்கு. அவவுக்குச் சின்னவிரல் நோகுதோ எண்டு கேளுங்கோ" என்றார். மாமி அங்கேயே கதிரையில் இருந்தார். "ஆர் பிள்ளை உமக்குச் சொன்னது? நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே" என்று திகைத்தார். சிரித்தோம். ஆனால் பின்னால் நின்ற ஒருவர் மெல்லச் சொன்னது எனக்குக் கேட்டது: "வந்த வீட்டிலை ஆக்களின்ரை செருப்புக்குள்ளை கை விடுறதோ? என்ன பழக்கமப்பா உது."

எங்கள் ஆட்களுக்கு அது பொறுக்காது. காலைத் தொடலாம். பெரியவர்கள் என்றால் விழுந்தே தொடுவோம். செருப்பு வேறு. தவறிப் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம், அல்லது கையைக் கழுவுவோம். இன்னொருவரின் செருப்பைக் கையால் தூக்குவது யாருடைய வேலை என்பதை நாங்கள் ஊரிலிருந்து வரும்போதே மூளைக்குள் வைத்துக் கொண்டுவந்திருக்கிறோம். இங்கே வந்து எத்தனை வருடம் ஆனாலும் அது கரைவதில்லை. என்னிடமும் இருந்தது. அக்கா என்னைவிட நன்றாக அறிவார். மன்னாரில் அவரைச் சுற்றியும் அப்படித்தானே பேசியிருப்பார்கள். ஆனால் பொருட்படுத்தவில்லை.

ஒருமுறை கோயில் வாசலில் ஓர் அன்ரி அவரைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உதென்ன வேலை? ஆற்றையோ செருப்புக்குள்ளை கையை விட்டுக்கொண்டு! படிச்ச பிள்ளையள் செய்யிற வேலையே உது?"

"அன்ரி, நாங்கள் படிக்கிறதே உதைத்தான்."

"உதைப் படிக்கிறதுக்கும் கொலிஜோ?"

"ஓம் அன்ரி. சோதினையும் இருக்கு. உங்கட செருப்பையும் ஒருக்கால் தாங்கோ, படிச்சுப் பாப்பம்."

அன்ரி கொடுத்துவிட்டார். அக்காவிடம் அப்படி ஒரு திறமை இருந்தது.

அந்தக் கோயில் வாசல்தான் இந்தக் கதைக்கு வேண்டியது. அது ஸ்காபரோவில் உள்ள ஒரு பிள்ளையார் கோயில். உள் வாசலுக்கும் வெளிக் கதவுக்கும் இடையில் செருப்புத் தட்டு. கதவுக்கு வெளியே, ஏழெட்டு அடி தள்ளி, சிதறு தேங்காய் அடிக்கும் சீமெந்துத் தொட்டி. வெள்ளிக்கிழமைகளில் கதவைத் திறந்து வைத்தபடியே அடிப்பார்கள். சிரட்டைத் துண்டுகள் வாசல்வரை தெறிக்கும். கூட்டினாலும் மிஞ்சும்.

நவராத்திரி முடிந்த கிழமை, ஒக்டோபர் 19, சனிக்கிழமை, கோயில் மண்டபத்தில் எங்கள் கல்லூரி ஒரு கால் பரிசோதனை முகாம் வைத்தது. மேசைக்கு இரண்டு மாணவர்கள். எங்கள் மேசையில் அக்காவும் நானும். ஒருவர் காலைச் சோதிக்க வேண்டும், மற்றவர் படிவம் நிரப்பிச் சப்பாத்துப் பார்க்க வேண்டும். கோயில் என்பதால் எல்லோரும் வெறுங்காலோடு வந்தார்கள். சப்பாத்துகள் எல்லாம் வாசலில். சப்பாத்துப் பார்ப்பதென்றால், நோயாளியிடம் எது என்று கேட்டு, வாசலுக்குப் போய், அந்தக் குவியலுக்குள் தேடிப் பார்த்துவிட்டு வர வேண்டும். மற்ற மேசைகளில் மத்தியானத்துக்குள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். அக்கா விடவில்லை.

இரண்டே முக்காலுக்கு ஓர் அங்கிள் வந்தார். மோர்னிங்சைட்டில் இருப்பவர். இங்கே வந்த நாளிலிருந்து செக்கியூரிட்டி வேலை செய்து ஓய்வு பெற்றவர். வெள்ளி தவறாமல் கோயிலுக்கு வருகிறவர். சலரோகம் பதினெட்டு வருடமாக. தொடுவது தெரிந்தால் சொல்லும்படி கேட்டு, அக்கா நைலோன் நரம்பால் பாதத்தில் பத்து இடங்களில் தொட்டார். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு, "தொடங்குங்கோ பிள்ளை, ஏன் நிக்கிறியள்?" என்றார். பத்தும் முடிந்திருந்தது. பெருவிரலின் அடியில் கொஞ்சம் சிவந்திருந்தது. காயமில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இவரின்ரை சப்பாத்தைக் கட்டாயம் பாருங்கோ. கறுப்பு, வேலைச் சப்பாத்து. இடது முன்பக்கம்."

நான் எழுந்து போனேன். உள் வாசல்வரை போனேன். வெளிக் கதவு திறந்து கிடந்தது, காற்று குளிராக அடித்தது. குவியலுக்குள் கறுப்புச் சப்பாத்து ஐந்தாறு கண்ணில் பட்டது. அங்கே என் அப்பாவின் சிநேகிதர் ஒருவர் நின்று சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். "ஓ, டொக்டர் தம்பி! என்ன இஞ்சை நிக்கிறியள்?" என்றார். அவருக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொன்றாகத் தூக்கி, உள்ளே கையை விட எனக்கு முடியவில்லை. "சும்மா, காத்து வாங்க" என்றேன். அவர் வீட்டுக் கதை கேட்டார், சொன்னேன். அவர் போகக் காத்திருந்தேன், அவர் போகவில்லை. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். திரும்பி வந்தேன்.

"பாத்தாச்சோ தம்பி?"

"பாத்தாச்சு அக்கா."

அவர் படிவத்தில் "காலணி பார்க்கப்பட்டது" என்ற கட்டத்தில் சரி போட்டார். கீழே கையெழுத்து வைத்தார். நோயாளியின் காலைச் சோதித்தவர்தான் கையெழுத்திட வேண்டும் என்பது ஒழுங்கு.

அன்றிரவு என் நாட்குறிப்பில், "நாற்பத்திரண்டு பேர். எல்லோருடைய சப்பாத்துகளும் பார்த்தோம்" என்று எழுதியிருக்கிறேன். திகதி தவறாமல் எழுதிவருகிற என் குறிப்புகளில் பொய் என்று எனக்குத் தெரிந்தே எழுதியது அந்த வரி. அழிக்கவில்லை. அழித்தால் அதுவும் இன்னொன்றாகிவிடும்.

நவம்பர் 8, வெள்ளி. அதே அங்கிள் எங்கள் கல்லூரிக் கிளினிக்குக்கு வந்தார். காலுறையில் ஈரம் இருக்கிறது என்று மனைவி சொன்னாராம். பெருவிரலின் அடியில் புண். எங்கள் மேற்பார்வையாளர், முப்பது வருடம் இந்த வேலையில் இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, சத்தமில்லாமல் உதட்டைக் கடித்தார். ஆழமாகப் போயிருந்தது. ஒன்று முதல் மூன்று கிழமை ஆகியிருக்கலாம் என்றார்.

அக்கா காலைப் பார்க்கவில்லை. குனிந்து கதிரைக்குக் கீழிருந்த இடது சப்பாத்தை எடுத்துக் கையை விட்டார். கண்கள் சுவரைப் பார்த்தன. கை நின்றது. விரலால் நெம்பி ஒன்றை வெளியே எடுத்தார். சுண்டுவிரல் நகமளவு சிரட்டைத் துண்டு. உள்ளட்டையில் குத்தி நின்றிருக்கிறது.

"மடு மாதாவே" என்று தன் ஊர் மாதாவை மிக மெதுவாகக் கூப்பிட்டார்.

அங்கிள் எட்டிப் பார்த்தார். "உதென்ன, தேங்காயோ? பிள்ளையார் எனக்குப் பிரசாதம் தந்திருக்கிறார்" என்று சிரித்தார்.

அவரை வைத்தியசாலைக்கு அனுப்பிய பிறகு, கை கழுவும் இடத்தில், அக்கா குழாயை மூடாமல் கேட்டார்.

"தம்பி, அண்டைக்கு உதுக்குள்ளை பாத்தனீங்கள்தானே?"

"ஓம் அக்கா. ஒண்டும் இருக்கேல்லை."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "அப்ப பிறகுதான் விழுந்திருக்கும்" என்றார்.

ஒன்றும் இருக்கவில்லை என்று நான் சொன்னதை இப்போது எழுதிப் பார்க்கிறேன். முதல் பொய்யில் ஒரு சோம்பல், ஒரு வெட்கம் என்று ஏதாவது சொல்லித் தப்பலாம். இரண்டாவதற்கு அப்படி ஒன்றுமில்லை.

டிசம்பர் முடியுமுன் அங்கிளின் இடது பெருவிரலை எடுத்துவிட்டார்கள். பார்க்கப் போனோம். "ஒண்டு போனா என்ன பிள்ளை, ஒன்பது கிடக்கு. உங்கட சோதினைக்கு ஒன்பது காணும்தானே?" என்றார். அக்கா அவருடைய புதுச் சப்பாத்தைக் கட்டிலுக்குக் கீழிருந்து எடுத்து, உள்ளே கை விட்டுப் பார்த்துவிட்டு, திரும்ப வைத்தார்.

இனி விண்ணப்பம். கடைசி வருடத்தில் நாங்கள் ஒரு கிளினிக்கிலோ வைத்தியசாலையிலோ மேற்பார்வையின் கீழ் நோயாளிகளைப் பார்த்துப் பழக வேண்டும். கிளார்க்‌ஷிப் என்பார்கள். அதை முடிக்காமல் பட்டமில்லை. ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும், நேர்முகம் இருக்கும். அந்த வருடம் ரொறன்ரோவுக்குள் இருந்த இடங்கள் ஒவ்வொன்றாய் நிரம்பி, கடைசியில் ஒன்றே மிஞ்சியது. ஒரு வைத்தியசாலையின் சலரோகப் புண் பிரிவு. இடம் கிடைக்காமல் மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு பேர், அக்காவும் நானும். இதில் ஒருவருக்கு அது கிடைக்கும். மற்றவர் வடக்கே, பஸ்ஸில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டிய ஒரு ஊருக்கு எட்டு மாதம்.

அக்காவுக்கு வோபர்னில் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். கணவர் தூர இடங்களுக்கு லொறி ஓட்டுபவர், கிழமையில் நாலு நாள் வீட்டில் இல்லை. வடக்கே போவது அவருக்கு நடக்காத காரியம். அது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கு, குளிர் பிடிக்காது என்பதைத் தவிர வேறு தடை இருக்கவில்லை.

விண்ணப்பத்தில் ஒரு கேள்வி: நோயாளி ஒருவரின் பராமரிப்பில் நீங்கள் விட்ட தவறு ஒன்றை விபரித்து, அதிலிருந்து கற்றதை எழுதுக. ஒரு பக்கத்துக்கு மேற்படக்கூடாது.

இந்தக் கேள்வி எல்லா விண்ணப்பங்களிலும் வரும். அதற்கு எப்படி எழுதுவது என்பதும் எங்களுக்குப் பழகியிருந்தது. தவறு போலவும் இருக்க வேண்டும், யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்கவும் கூடாது. ஒருவன், "நோயாளிகள்மீது அளவுக்கு மிஞ்சி அக்கறை காட்டிவிட்டேன்" என்று எழுதிக் கொண்டுவந்தான். "டேய், உன்னைக் கோயிலிலை வைச்சுக் கும்பிடப் போறாங்கள்" என்று அதை நான் வெட்டினேன். எனக்கு நான் எழுதியது: ஒரு வயோதிபருக்கு மருந்து போடும் முறையை வேகமாகச் சொல்லிவிட்டேன், அவர் மறுபடி தொலைபேசியில் கேட்க வேண்டி வந்தது, அன்றிலிருந்து எழுதிக் கொடுக்கிறேன். நடந்ததுதான். பொய்யில்லை.

பெப்ரவரி 11 பின்னேரம், மார்க்கம் வீதியில் ஒரு கோப்பிக் கடையில், அக்கா தன் பக்கத்தை என்னிடம் தந்தார். "வாசிச்சுச் சொல்லுங்கோ தம்பி. ஒளிக்காமல் சொல்லுங்கோ."

ஆங்கிலத்தில் இருந்ததை நினைவிலிருந்து தமிழில் தருகிறேன். "ஒக்டோபர் 19ஆம் திகதி ஒரு நோயாளியின் சப்பாத்துக்குள் நான் கை விட்டுப் பார்க்கவில்லை. பார்க்கப்பட்டது என்று கையெழுத்திட்டேன். இருபது நாட்களின் பின் அதே சப்பாத்துக்குள் ஒரு கூரான துண்டு இருந்தது. இப்போது அவருக்கு ஒரு விரல் இல்லை. என் கை பார்க்காததற்கு என் கையெழுத்தை இனி வைக்கமாட்டேன்." மிச்சம், சப்பாத்து ஏன் பார்க்க வேண்டும் என்பது பற்றி. என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. இன்னொரு மாணவர் என்றுகூட இல்லை.

மூன்று தடவை வாசித்தேன். பார்க்காததைப் பார்த்ததாகக் கையெழுத்திட்டவர் என்று தன் வாயால் சொல்கிறவரை எந்த வைத்தியசாலையும் எடுக்காது. அது எனக்கு முதல் வாசிப்பிலேயே தெரிந்தது. வேறு யாருடைய கடிதமாக இருந்தாலும் பேனையை எடுத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்திருப்பேன்.

"அக்கா, அண்டைக்குப் பாக்கப் போனது நானல்லோ. அதை ஏன் எழுதேல்லை?"

"நீங்கள் பாத்தனீங்கள் எண்டு சொன்னனீங்கள். அப்ப உங்களிலை என்ன பிழை? பாக்காமல் கையெழுத்து வைச்சது நான்." தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி போடாமல் குடிப்பவர் அவர். கலக்க ஒன்றும் இருக்கவில்லை. "பிழை எண்டு கேட்டா, என்ரை பிழையைத்தானே எழுதவேணும்?"

அவர் கரண்டியை வைத்தார்.

"ஏதும் சொல்ல இருக்கோ தம்பி?"

"இல்லை அக்கா. நல்லா இருக்கு."

"அனுப்பலாமே?"

"ஓம். அனுப்புங்கோ."

பக்கத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தார். நான் போட்ட காற்புள்ளியைக் கண்டுபிடித்து அதில் விரலை வைத்தார். "என்ன, உவ்வளவுதானோ? ஒண்டும் வெட்டேல்லை? உங்களுக்குச் சுகமில்லையோ?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

மார்ச் 21, வெள்ளி. இடம் எனக்குக் கிடைத்தது. காரணத்தை எங்களுக்கு எழுத்தில் தரவில்லை. மேற்பார்வையாளர் மட்டும் பிறகொரு நாள் என்னிடம் சொன்னார்: தேர்வுக்குழுவினர் அக்காவின் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார்களாம். பாராட்டினார்களாம். அந்தக் கையெழுத்தை மட்டும் தாண்டிப் போக முடியவில்லையாம். "நீ அவளுக்கு நண்பன்தானே, அனுப்புமுன் யாரும் அவளிடம் சொல்லவில்லையா?" என்று கேட்டார்.

ஏப்ரலில் அக்கா என்னைத் தன் பழைய கடைக்குக் கூட்டிப்போனார். "ஆஸ்பத்திரியிலை நாள் முழுக்க நிக்கவேணும் தம்பி. உந்தக் கண்டறியாத சப்பாத்தோடை போய் நிக்காதேங்கோ." நான் வேண்டாம் என்றேன், விடவில்லை. கடையில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்திருந்தது. என்னைக் கதிரையில் இருத்தி, முன்னால் முழங்காலிட்டு, அளவுப் பலகையில் என் காலை வைத்து அளந்தார். "வலது கால் அரை அளவு பெரிசு. தெரியுமோ?" தெரியாது. பெட்டி பெட்டியாய் எடுத்துவந்து, ஒவ்வொன்றுக்கும் உள்ளே கை விட்டார். முதல் மூன்றையும் திருப்பி வைத்தார். நாலாவதில் கை நெடுநேரம் இருந்தது. கண்கள் கடையின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தன. என் சப்பாத்துக்குள் எனக்குக் குத்தக்கூடியது ஏதும் இருக்கிறதா என்று அவர் தேடிக்கொண்டிருந்தார். அப்போது சொல்லியிருக்கலாம். அந்தக் கதிரையில் இருந்தபடி, அவர் முகம் என் முழங்காலுக்கு நேராக இருந்தபோது. வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

"இது சரி" என்றார். "போட்டு நடந்து பாருங்கோ."

நடந்தேன்.

அவர் ஒரு வருடம் விடுப்பு எடுத்தார். அடுத்த வருடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதற்கடுத்ததிலும் இல்லை. தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது. வோபர்ன் வீட்டில் இப்போது வேறு ஆட்கள். மோலில் அந்தக் கடை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள்.

எனக்கு ஸ்காபரோவில் சொந்தக் கிளினிக் இருக்கிறது. வருகிற ஒவ்வொருவரின் சப்பாத்துக்குள்ளும் கை விட்டுப் பார்க்கிறேன், கையுறை போடாமல். "உங்களை மாதிரி ஒருத்தரும் செய்யிறேல்லை டொக்டர், எங்கட ஆக்கள் செருப்பைத் தொடுவினமோ?" என்கிறார்கள். போன மாதம் ஓர் அன்ரி தன் மகனுக்கு என்னைக் காட்டி, "உப்பிடிப் பணிவு வேணும்" என்றார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும்.

சரிபார்க்கக்கூடியவற்றைச் சரிபார்த்திருக்கிறேன். முகாம் நடந்த திகதி சரி. அங்கிள் ஒரு வெள்ளியும் தவறவிடவில்லை என்று அவர் மனைவி சொன்னார். ஆகவே அந்தத் துண்டு முகாமுக்கு முதல்நாள், ஒக்டோபர் 18ஆம் திகதி வெள்ளிக்கிழமை அவர் சப்பாத்துக்குள் தெறித்திருக்கலாம். அல்லது 25ஆம் திகதி. அல்லது நவம்பர் 1. அன்று விரலடியில் இருந்த சிவப்பு முதலாவதைச் சொல்கிறது. புண்ணின் வயது எல்லாவற்றுக்கும் இடம் கொடுக்கிறது. தேங்காய் அடிக்கிற அண்ணையிடம் கேட்டேன். "அது எந்த வெள்ளி தெறிச்சதெண்டு ஆருக்குத் தம்பி தெரியும்?" என்றார். முகாம் நடந்த பின்னேரம் யாரோ புதுக் காருக்குத் தேங்காய் அடித்ததாகவும் ஒரு ஞாபகம் அவருக்கு இருந்தது, அது அந்தச் சனியா வேறு சனியா என்று சொல்ல முடியவில்லை.

எனவே, ஒக்டோபர் 19ஆம் திகதி இரண்டே முக்கால் மணிக்கு அந்த இடது சப்பாத்துக்குள் சிரட்டைத் துண்டு இருந்ததா என்பது உறுதிப்படுத்தப்படாத தகவல். அதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே ஆள், அன்று வாசல்வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார்.